கடைசி மாதவிலக்குத் தேதியை எதில் குறிப்பது? காலண்டர், மணிமாலை, செயலி, வீட்டு வருகை, ஸ்கேன்: ஓர் ஒப்பீடு

"ஏம்மா, கடைசியா எப்ப குளிச்ச?"

"கூழ் ஊத்துன அன்னைக்குக் கோயிலுக்குப் போகல நர்ஸம்மா. அதான் ஞாபகம் இருக்கு."

கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில் இந்த மாதிரிப் பதிலை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. கோயிலுக்குப் போகவில்லை என்றால் அன்றைக்கு அவள் தூரம். சரி. ஆனால் அது முதல் நாளா, மூன்றாம் நாளா? ஆடியில் எந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கூழ் ஊற்றினார்கள்? பேறுகாலப் பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஏதோ ஒரு தேதியை எழுதுவோம். அதற்கப்புறம் ஒன்பது மாதமும் அந்தத் தேதியை நம்பித்தான் ஓடும்.

அங்கன்வாடியில் இருப்பவர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களும், கல்யாணமாகி ஆறு மாதம் ஆன பெண்களும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். தேதியை எதில் குறித்து வைப்பது? காலண்டரா, போனா? சீக்கிரமே ஸ்கேன் எடுத்துவிட்டால் போதாதா? என் அனுபவத்தில் தெரிந்ததை இங்கே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

## முதலில், தேதி தப்பினால் என்ன ஆகும்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். ஒன்பது மாதத்தைக் கூட்டி அதன்மேல் ஏழு நாள் சேர்த்தால் பிரசவத் தேதி. ஜூன் 10 என்றால் அடுத்த மார்ச் 17. ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் நேகேலேயின் பெயரில் வழங்கும் கணக்கு இது. மாதவிலக்கு 28 நாளுக்கொரு முறை வருகிறது, 14-ம் நாள் வாக்கில் கருமுட்டை வெளியாகிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. 35 நாளுக்கொரு முறை வருகிறவளுக்கு இன்னும் ஒரு வாரம் கூட்ட வேண்டும்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். 2 கிலோ 100 கிராமில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வையுங்கள். அது 34 வாரத்தில் பிறந்ததென்றால் எடை சரிதான், நுரையீரல்தான் இன்னும் தயாராகவில்லை. அதே எடையில் 39 வாரத்தில் பிறந்ததென்றால், வயிற்றுக்குள் வளர்ச்சி எங்கோ தடைபட்டிருக்கிறது. இரண்டுக்கும் பார்க்க வேண்டிய பார்வையே வேறு. தராசு இதைச் சொல்லாது, தேதிதான் சொல்லும்.

குறைமாதப் பிரசவ அபாயத்தில், குழந்தையின் நுரையீரல் தேறுவதற்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் இந்தத் தேதியை நம்பித்தான் இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, ஜாம்பியா, குவாத்தமாலா, அர்ஜென்டினா ஆகிய ஆறு நாடுகளில் இந்த ஊசியைக் கிராமம் வரை கொண்டுபோன பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. தேதி தெரியாத தாய்மார்களுக்கு வயிற்றின் உயரத்தை நாடாவால் அளந்து மாதம் கணித்தார்கள். ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோரின் குழந்தைகள் பயந்த அளவுக்குச் சின்னதாகப் பிறக்கவில்லை. மொத்தத்தில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு குறைவதற்குப் பதில் சற்றுக் கூடியது. அப்புறம் உலக சுகாதார நிறுவனம் வகுத்த நிபந்தனைகளில் ஒன்று, கர்ப்ப வாரத்தைத் துல்லியமாக அறிந்த பிறகே இந்த ஊசி என்பது. பெரிய மருத்துவமனை வரை போகிற விஷயம், வீட்டுச் சுவரில் ஒரு புள்ளி வைக்காததில் தொடங்குகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்.

உண்மையான முதல் நாளுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது? எழுதப் படிக்கத் தெரியாதவளும் தானாகச் செய்ய முடியுமா? மாமியார், மாமனார், கொழுந்தனார் இருக்கிற வீட்டில் அவளுக்குக் கூச்சமில்லாமல் நடக்குமா? ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் குறிப்பு கையில் இருக்குமா? கையை விட்டுப் போகிற காசும் நேரமும் என்ன?

இதில் நான்காவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

| வழி | துல்லியம் | குறிப்பு நிலைக்குமா | ரகசியம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஞாபகம் | ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதமே தப்பும் | இல்லை | உண்டு | பின்னால் வரும் குழப்பம் |
| மாதக் காலண்டர் | அன்றே குறித்தால் மிக நல்லது | வருடக் கடைசியில் ஆபத்து | அடையாளத்தைப் பொறுத்தது | கிட்டத்தட்ட இல்லை |
| மணிமாலை | எண்ணிக்கை மட்டும், தேதி இல்லை | இல்லை | உண்டு | தினமும் மறக்காமல் நகர்த்துவது |
| செயலி | நல்லது | போன் இருக்கும்வரை | போன் யாருடையது என்பதைப் பொறுத்தது | செயலியே ஊகித்து நிரப்பும் தேதி |
| வீட்டு வருகை | நல்லது | நன்றாக நிலைக்கும் | ஓரளவு | செவிலியரின் நேரம் |
| முதல் மூன்று மாத ஸ்கேன் | 5 முதல் 7 நாளுக்குள் | தாளைப் பத்திரப்படுத்தினால் | உண்டு | பஸ், கூலி இழப்பு, காத்திருப்பு |

## ஞாபகத்தை நம்புவது

இன்றைக்கும் பாதி இடங்களில் இதுதான் நடப்பு. அதனால் இதில் நுழையும் பிழைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பிழை நம் பேச்சிலேயே இருக்கிறது. கர்ப்பமாக இருப்பவளை "முழுகாம இருக்கா" என்கிறோம். நாம் கேட்பதும் "எப்ப குளிச்ச" என்றுதான். அவள் நேர்மையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளைச் சொல்கிறாள். அது வீட்டு வழக்கப்படி மூன்றாம் நாளாக இருக்கலாம், ஐந்தாம் நாளாகவும் இருக்கலாம். கணக்குக்கு வேண்டியது ரத்தம் பட்ட முதல் நாள். கேட்கிற கேள்வியை மட்டும் மாற்றினாலே சில நாள் பிழை காசில்லாமல் சரியாகிவிடும்: "முதல் முதலா துணியில பட்டது என்னைக்கு?"

இரண்டாவது, தமிழ்த் தேதி. "ஆடி பத்து" என்றால் ஜூலை 26. அவசரத்தில் ஆடியை ஜூலை என்று எடுத்துக்கொண்டு ஜூலை 10 என்று எழுதிவிட்டால் பதினாறு நாள் போச்சு. அவள் சொன்னது தமிழ்த் தேதியா, ஆங்கிலத் தேதியா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாவது, "நாள் தள்ளி ரெண்டு மாசம்." அவள் எண்ணுவது வர வேண்டிய நாளிலிருந்து. நாம் எண்ணுவது வந்த நாளிலிருந்து. நாலு வாரம் இடிக்கும். கரு ஒட்டும்போது சிலருக்கு லேசாகப் படுவதுண்டு. அதை மாதவிலக்கு என்று எடுத்துக்கொண்டாலும் இதே நாலு வாரம்தான்.

நான்காவது நம்முடையது. எந்தப் பதிவேட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். 1, 5, 10, 15, 20 என்று தேதிகள் குவிந்து கிடக்கும். 13-ம் 17-ம் அரிது. அந்தப் பெண்களுக்கெல்லாம் 15-ம் தேதியா வந்தது? சரியாகத் தெரியாதபோது நம் கை முழு எண்ணுக்குப் போகிறது. அது தவிர, மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு என்ற நிபந்தனை இருக்கும்போது, தாமதமாக வந்த பெண் பயத்தில் தேதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பணம் வேறு, பிரசவக் கணக்கு வேறு என்று அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வது நம் வேலை.

ஞாபகத்தைத் தவிர வேறு வழியில்லை என்றால் அதற்குக் கொம்பு நட்டுக் கொடியேற்ற வேண்டும். மாதத்தைக் கேட்காதீர்கள், அவள் போகாமல் நின்ற இடங்களைக் கேளுங்கள். எந்தத் திருவிழாவுக்குப் போகவில்லை? எந்தக் கல்யாணத்தில் வாசலோடு நின்றாள்? அமாவாசைக்கு முன்னாலா, பின்னாலா? வீட்டுக்காரர் திருப்பூரிலோ கேரளாவிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்தால், ஊருக்கு வந்த தேதி என்ன? வந்தது ஒன்றாம் தேதி என்றால் கரு அதற்கு முன்னால் தரித்திருக்க வழியில்லை. புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வதே சித்திரை வெயிலில் பிரசவம் வரக்கூடாதென்ற கணக்கில்தான் என்பார்கள் பெரியவர்கள். நாள் எண்ணுகிற பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல.

## மாதக் காலண்டர்

என்னைக் கேட்டால் பெரும்பாலான வீட்டுக்கு இதுதான் முதல் தேர்வு. மளிகைக் கடையும் நகைக் கடையும் சும்மா கொடுக்கும் காலண்டர். அதில் ஏற்கனவே பால் கணக்குக்குக் கோடு இருக்கும், சிலிண்டர் வந்த தேதிக்கு வட்டம் இருக்கும். எழுதத் தெரியாதவளும் பால் கணக்கில் ஏமாறுவதில்லை. அந்தப் பழக்கத்தின்மேல் இன்னொரு அடையாளத்தை வைப்பது எளிது.

ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

தினசரி கிழிக்கும் காலண்டர் உதவாது. ஒரு பெண் மாதா மாதம் தவறாமல் அதில் பேனாவால் சுழித்து வைத்திருந்தாள். அடுத்த நாள் காலையில் மாமனார் தாளைக் கிழித்துக் கண்ணாடி துடைக்க எடுத்துக்கொள்வார். அவள் என்னிடம் காட்ட முடிந்தது அட்டையை மட்டும்தான். பன்னிரண்டு தாள் உள்ள மாதக் காலண்டரே வேண்டும்.

அடுத்தது போகி. புதுக் காலண்டர் மாட்டியதும் பழையது போகியன்று நெருப்புக்குப் போகிறது. நவம்பரிலோ டிசம்பரிலோ கடைசியாக வந்து, ஜனவரியில் நாள் தள்ளியவளின் தேதி அதோடு எரிந்துவிடும். புதுக் காலண்டரின் ஜனவரித் தாளில், மேல் ஓரத்தில், போன வருடத்தின் கடைசி இரண்டு தேதியை எழுதச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

மூன்றாவது கூச்சம். மாமனார் பார்க்கும் சுவரில் சிவப்பு வட்டம் போட எந்த மருமகளும் விரும்ப மாட்டாள். எண்ணின் கீழ் ஓரத்தில் ஒரு சின்னக் குங்குமப் பொட்டு, அல்லது ஊசியால் ஒரு துளை. அவளுக்கு மட்டும் புரிந்தால் போதும். அதுவும் சங்கடம் என்றால் ஒரு சிறு காலண்டரை அரிசி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டி வைக்கலாம். முடிகிற நாளை எழுதவே வேண்டாம். இரண்டு அடையாளம் இருந்தால் ஆறு மாதம் கழித்து எது தொடக்கம், எது முடிவு என்று அவளுக்கே குழம்பும்.

மாதவிலக்கே வராமல் இருக்கிறவளுக்கு மட்டும் காலண்டர் கை கொடுக்காது. அதைக் கீழே சொல்கிறேன்.

## மணிமாலை

32 மணி கோத்த மாலை, ஒரு ரப்பர் வளையம். மாதவிலக்கு வந்த நாளில் சிவப்பு மணியில் வளையத்தை வைத்து, தினமும் ஒரு மணி நகர்த்த வேண்டும். 8 முதல் 19 வரையுள்ள வெள்ளை மணிகள் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள். வடஇந்தியாவில் மாலா சக்ரா என்ற பெயரில் பரப்பினார்கள். 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருகிறவர்களுக்கானது.

கர்ப்பத்தைத் தள்ளிப்போட இது உதவும். தேதி காப்பதற்கென்று பார்த்தால் குறை பெரிது. அடுத்த மாதவிலக்கு வந்ததும் வளையம் சிவப்புக்குத் திரும்புகிறது, பழைய கணக்கு அழிந்துபோகிறது. ஒரு நாள் நகர்த்த மறந்தால் அது எந்த நாள் என்றே தெரியாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் மாலை கிடைக்கும், வளையம் கிடைக்காது. ஒரு நன்மை மட்டும் மெய்யானது: வளையம் கடைசி மணியைத் தாண்டினால் யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும், சோதித்துப் பார்க்க நேரமாகிவிட்டது என்று. ஏற்கனவே மாலை பயன்படுத்துகிறவள் அதை விட வேண்டாம். பக்கத்தில் காலண்டரும் வைத்துக்கொள்ளட்டும்.

## கைபேசிச் செயலி

சொந்தப் போன், தனிப் பூட்டு, தினமும் கையில் எடுக்கிற பழக்கம். இந்த மூன்றும் இருந்தால் காலண்டரை விடச் செயலி மேல். வேலைக்குப் போகிற பெண்களும் கல்லூரி முடித்து வந்த மருமகள்களும் தாராளமாக இதையே வைத்துக்கொள்ளலாம். 28 நாளா, 34 நாளா என்று அவளுடைய சுற்றின் நீளத்தையும் அது சொல்லிவிடும். பிரசவத் தேதியைத் திருத்த அது பெரிய உதவி.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. நீங்கள் பதிவு செய்ய மறந்த மாதத்தில் சில செயலிகள் வர வேண்டிய தேதியைத் தாமாகவே வண்ணமிட்டுக் காட்டும். நாலு மாதம் கழித்துப் பார்க்கிறவள் அதையே உண்மையில் வந்த தேதியாக எடுத்துக்கொள்கிறாள். செயலியில் பார்த்துத் தேதி சொன்னால், "இது நீயே போட்டதா, அதுவா காட்டுதா?" என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு ஒரே போன், அதுவும் வீட்டுக்காரர் கையில் என்றால் செயலி வேண்டாம். போன் விழுந்து உடைந்தால் தேதியும் போச்சு.

## வீடு தேடிப் போய்க் கேட்பது

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 1966 முதல் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு இறப்பைப் பதிந்து வருகிறார்கள். அதே நாட்டின் கைபாந்தா மாவட்டத்தில் நடந்த ஜிவிதா ஆய்வில், ஐந்து வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டிலும் மாதவிலக்கு வந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றால் அங்கேயே சிறுநீர்ச் சோதனை. நேற்று நடந்ததைப் போலக் கேட்பதால் ஞாபகப் பிழைக்கு இடமே குறைவு. பாலூட்டிக்கொண்டு மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருத்தரிப்பவள், கருத்தடை ஊசி போட்டதில் மாதவிலக்கு நின்றவள், இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை வருகிறவள் ஆகியோருக்கு இதை விட நல்ல வழி இல்லை. அவர்களிடம் தேதியே கிடையாது. மாதம் ஒரு சோதனைதான் சீக்கிரம் காட்டிக் கொடுக்கும்.

ஆனால் நம் ஊரில் கணக்கு போட்டுப் பாருங்கள். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 மக்கள். ஆயிரம் பேருக்கு 150 முதல் 180 தகுதியுள்ள தம்பதிகள் என்பது வழக்கமான கணக்கு. 150 என்றே வைத்தாலும் 750 வீடு. மாதம் 25 வேலை நாள் என்றால் தினம் 30 வீடு. தடுப்பூசியும் செக்கப்பும் பிரசவமும் கணினிப் பதிவும் வைத்துக்கொண்டு எந்தச் செவிலியராலும் அது முடியாது. முடியும் என்று திட்டம் போட்டால் உட்கார்ந்த இடத்தில் கட்டம் நிரம்பும், தேதி மறுபடியும் 10-ம் 15-மாகக் குவியும்.

அதனால் எல்லாருக்கும் வேண்டாம், மேலே சொன்ன மூன்று வகைப் பெண்களுக்கு மட்டும் போங்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். மற்றவர்களுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க வரும் நாளிலோ குழுக் கூட்டத்திலோ, "காலண்டர்ல போட்டியாம்மா?" என்ற ஒரு கேள்வி.

## முதல் மூன்று மாத ஸ்கேன்

"ஸ்கேன்ல தெரிஞ்சிடும், தேதி எதுக்கு?" இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். சீக்கிரம் எடுத்தால் ஸ்கேன்தான் மிகத் துல்லியம். 14 வாரத்துக்குள் குழந்தையின் தலை முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்தால் 5 முதல் 7 நாளுக்குள் சொல்லிவிடலாம். 20 வாரம் வாக்கில் 10 நாள் வரை தப்பலாம். ஏழாம் மாதத்துக்கு மேல் மூன்று வாரம் வரை தப்பும். 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது.

ஆனால் சீக்கிரம் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிவது எப்படி? நாள் தள்ளியது தெரிந்தால்தானே. குறிப்பு இல்லாதவள் மூன்றாம் மாதம் என்று நினைத்துப் போகும்போது ஐந்து முடிந்திருக்கும். நல்ல ஸ்கேனுக்கு வழி காட்டுவதே காலண்டர் பொட்டுதான்.

ஸ்கேனின் செலவு மெஷினில் மட்டும் இல்லை. அனுமதி பெற்ற மையத்தில்தான் எடுக்க முடியும் என்பதால் தாலுகா ஊருக்குப் போக வேண்டும். இரண்டு பஸ், ஒரு நாள் கூலி, கூட வருகிறவரின் கூலி, வீட்டில் விட்டுப்போகும் குழந்தைக்கு ஆள். மலைக்கிராமம் என்றால் முந்தின நாளே இறங்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் சிறப்பு முகாமையும் சேர்த்துத் திட்டமிட்டால் ஒரு பயணம் மிச்சம்.

தாமதமாக வருகிறவர்களுக்காகவும் வேலை நடக்கிறது. குருகிராம் அரசு மருத்துவமனைக் கர்ப்பிணிகளின் தரவை வைத்து, சென்னை ஐஐடியும் ஃபரிதாபாத்தின் டி.எச்.எஸ்.டி.ஐ மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, நடு மாதங்களிலும் கடைசி மாதங்களிலும் கருவின் வயதைக் கணிக்கும் கர்பிணி-ஜிஏ2 என்ற கணக்கு மாதிரியை 2024-ல் அறிவித்தார்கள். மேல்நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவாக்கிய வாய்ப்பாடு நம் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதால் இந்த முயற்சி எனக்கு நம்பிக்கை தருகிறது.

## தேதியும் ஸ்கேனும் ஒத்துவராவிட்டால்

இதில்தான் குடும்பங்கள் அதிகம் தவிக்கின்றன. மருத்துவர்கள் பின்பற்றும் வழக்கமான அளவுகோல் இது: 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் 5 நாளுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஸ்கேன் தேதிக்கு மாறுவார்கள். 9 முதல் 15 வாரம் வரை 7 நாளுக்கு மேல், 16 முதல் 21 வாரம் வரை 10 நாளுக்கு மேல், 22 முதல் 27 வரை 14 நாளுக்கு மேல், அதற்கப்புறம் 21 நாளுக்கு மேல். வித்தியாசம் அதற்குள் இருந்தால் அவள் குறித்து வைத்த தேதியே நிற்கும்.

ஒரு தடவை முடிவு செய்த தேதியை அதற்கப்புறம் மாற்றக்கூடாது. ஒவ்வொரு ஸ்கேன் தாளிலும் ஒரு பிரசவத் தேதி அச்சாகி வரும். எட்டாம் மாத ஸ்கேனில் குழந்தை சின்னதாக இருந்தால் தேதி தானாகப் பின்னால் தள்ளிப்போய்த் தெரியும். அதைப் பார்த்து "டேட்டு இன்னும் இருக்கு" என்று வீட்டில் ஆறுதலடைவார்கள். உண்மையில் அங்கே தேதி தள்ளிப்போகவில்லை, குழந்தை வளராமல் நிற்கலாம். ஒன்பதாம் மாதத்தில் மூன்று தாள், மூன்று தேதியோடு வந்து நின்ற பெண்களை எனக்குத் தெரியும். எதை நம்புவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, இரவுப் பணியில் இருந்த மருத்துவருக்கும் தெரியவில்லை.

அதனால் முதல் ஸ்கேன் தாளைத் தாய்-சேய் அட்டைக்குள்ளேயே பின் அடித்து வையுங்கள். முடிவான தேதியை அட்டையின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி, பக்கத்திலேயே "முதல் ஸ்கேன்படி" அல்லது "காலண்டர்படி" என்று இரண்டு வார்த்தை சேர்த்துவிடுங்கள். பிரசவத்துக்கு அவள் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், தாய்வீட்டுக்கே போனாலும், அட்டை கூடவே போகும்.